செகப்பு லைட்டும் செல்போன் வைத்தியமும்

பழைய அம்பாசடர் ஒண்ணு வாங்கியிருக்கறியாமா, அப்புனு. நல்லது. வாங்குன அன்னைக்கே பானெட்டு மேல ஏறி உக்காந்து போட்டோ எடுத்தாச்சு. ரீல்ஸ் போட்டாச்சு. சீட்டுக்குப் புதுத் துணி தெச்சாச்சு. முன்னாடி பம்பர்ல மொளகாயும் எலுமிச்சம்பழமும் தொங்குது. எல்லாஞ் செரி. வெடியால சாவியத் திருகுனா மட்டும் 'கிளுக்'குன்னு ஒரு சத்தம் வந்து அப்பிடியே நின்னு போகுது. எலுமிச்சம்பழம் கட்டுனா கண்ணு படாது, ஒத்துக்கறேன். சார்ஜ் ஏறுமா?

அதுக்கு நீ பண்ணுன வைத்தியத்தைத்தான் டீக்கடையில பேசிச் சிரிக்கறாங்க. மொதல்ல புது பேட்டரி வாங்கிப் போட்டே. கொஞ்ச நாளு ஓடுச்சு, அதுவும் படுத்துக்கிச்சு. பேட்டரிக் கடைக்காரன் ஏமாத்திப் போட்டான்னு அவங்கூடச் சண்டை. பொறகு போனுகூடப் பேசற சின்னப் பொட்டி ஒண்ணு வரவழைச்சு, டேஷ்போர்டுக்கு அடியில தலைகீழாப் படுத்துக்கிட்டு, அதைச் சொருகற ஓட்டையத் தேடுனயாமா. 1980கள்ல வந்த கார்பரேட்டர் வண்டி, கண்ணு. அதுல கம்ப்யூட்டரே கெடையாது. அந்தப் பக்கம் பதில் சொல்ல ஆளே இல்லாதப்ப உன்ற போனு யாருகூடப் பேசும்?

கடைசியா என்ன பண்ணுனே? வீடியோவுல ஒருத்தன் சொன்னான்னு முழு ஆல்டர்னேட்டரையும் மாத்தலாம்னு கெளம்பிட்டே. பணம் உன்றது, நான் ஏன் தடுக்கறேன்? ஆனா ஒண்ணு கேக்கறேன். இத்தனை காரியம் பண்ணுனியே, பானெட்டைத் தொறந்து பெல்ட்டை ஒரு தடவை வெரலால அமுக்கிப் பாத்தயா? பாக்கலை. ஏன்னா அதுக்கு ஆப்பு இல்லை.

இந்த வண்டிய நெம்பப் பெரிய மர்மமா நெனைச்சுக்காதே. இங்கிலாந்துக்காரன் 1950கள்ல மோரிஸ் ஆக்ஸ்போர்டுன்னு ஒரு வண்டி பண்ணுனான். அதைத்தான் இந்துஸ்தான் மோட்டார்ஸ்காரங்க வங்காளத்துல உத்தரபாராவுல வெச்சு அம்பாசடர்னு பண்ணி, 2014 வரைக்கும் வித்தாங்க. மந்திரி போனதும் அதுலதான், மாப்பிள்ளை போனதும் அதுலதான், மாட்டுத்தீவன மூட்டை போனதும் அதுலதான். பானெட்டைத் தூக்குனா உள்ள ஆளே எறங்கி நிக்கலாம். கரண்டு எங்க பொறந்து எங்க போகுதுன்னு ஒயரைக் கையில புடிச்சுக்கிட்டே போயிப் பாத்துரலாம். எழுதப் படிக்கத் தெரியாத டிரைவர்மாரெல்லாம் அப்பிடித்தான் பாத்தாங்க. நீ இஞ்சினியரிங் படிச்சவன். உனக்குக் கண்ணு தெரியாதா என்ன?

உங்கப்பன் தோட்டத்துல தொட்டி இருக்குது. கெணத்து மோட்டார் எறைக்குது, குழாயில தண்ணி வந்து தொட்டியில உழுகுது, அங்கிருந்து வாய்க்காலுக்குப் போகுது. ஒரு நாளு வெடியால போயிப் பாத்தா தொட்டி வத்திக் கெடக்குது. தொட்டிய இடிச்சுப் போட்டுப் புதுத் தொட்டி கட்டுவயா? மோட்டார் எறைக்குதான்னு பாப்பே. குழாயில அடைப்பான்னு பாப்பே. ராத்திரியில எவனாவது அடைப்பைத் தொறந்து உட்டுட்டுப் போயிட்டானான்னு பாப்பே. பேட்டரிங்கறது அந்தத் தொட்டி. எறைக்கலையா, வந்து சேரலையா, களவு போகுதா? இந்த மூணுல ஒண்ணு. நீ தொட்டிய மாத்துனே. புதுத் தொட்டியும் வத்துச்சு. அதுல கடைக்காரன் என்ன தப்புப் பண்ணுனான்?

மொதல்ல ஒரு சங்கதி. உன்ற வண்டியில இருக்கறது டைனமோவா, ஆல்டர்னேட்டரா? தெரியாது. பாரு, அதுக்குள்ள ஆல்டர்னேட்டருக்கு ஆர்டர் போடப் போயிட்டே. அந்தக் காலத்து அம்பாசடரு, பியட்டு எல்லாத்துலயும் டைனமோதான். சென்னை பாடியில 1961ல ஆரம்பிச்ச லூகாஸ் டி.வி.எஸ். காரங்க பண்ணுன சாமானை அவுத்து மாட்டாத எலக்ட்ரீசியன் நம்மூர்ப் பக்கம் இருந்ததில்லை. பொறகு ஆல்டர்னேட்டர் வந்துச்சு. நடுவுல வண்டிய வெச்சிருந்தவன் எவனாவது ஒண்ணைக் கழட்டிட்டு இன்னொண்ணை மாட்டியிருப்பான். எறங்கிப் பாரு. நீளமா, மொழுமொழுன்னு, இரும்பு உருளை தெரிஞ்சா டைனமோ. கட்டையா, குண்டா, அலுமினிய ஒடம்புல சந்து சந்தா ஓட்டை தெரிஞ்சா ஆல்டர்னேட்டர். ரெண்டுக்கும் கொணம் வேற, பாக்கற மொறையும் வேற.

இப்ப டேஷ்போர்டுல இருக்கற செகப்பு லைட்டுக்கு வா. உன்ற வண்டியிலயே நெம்ப அறிவாளி அதுதான். உனக்குத்தான் அது சொல்றது காதுல ஏறலை.

சாவிய ஒரு திருகு மட்டும் திருகு. இஞ்சின் ஓடக் கூடாது. லைட்டு எரியோணும். எரியலைன்னா "அட, கோளாறே இல்லை"ன்னு சந்தோசப்பட்டுராதே. ஆல்டர்னேட்டருக்குள்ள சுத்தறது ஒரு காந்தம். அது சும்மா இருந்தா காந்தமில்லை, கரண்டு குடுத்தாத்தான் காந்தம். அந்த மொதத் துளிக் கரண்டு எந்த வழியாப் போகுது தெரீமா? இந்த பல்பு வழியாத்தான். பல்பு பீசு போச்சுன்னா காந்தம் முழிக்காது. காந்தம் முழிக்கலைன்னா சார்ஜு இல்லை. சில வண்டி நல்லா மிதிச்சு ஓட்டுனா அதுவே முழிச்சுக்கும், சிலது கடைசி வரைக்கும் தூங்கும். சில்லறைக் காசு பல்பு போனதுக்கு ஆயிரக்கணக்குல அழுதுட்டு வந்தவங்களை நான் பாத்திருக்கறேன். டைனமோவுக்கு அந்தத் தொந்தரவு கெடையாது. அதுக்குள்ள இருக்கற இரும்புலயே பழைய காந்தம் துளி ஒட்டிக்கிட்டு இருக்கும். அதைப் புடிச்சே எந்திரிச்சுரும்.

இஞ்சினை ஓட்டு. லைட்டு அணையோணும். அணையலைன்னா எறைக்கலைன்னு அர்த்தம். டைனமோ வண்டியில இஞ்சின் மெதுவா ஓடறப்ப லைட்டு மினுக் மினுக்குன்னா பயப்படாதே, அதுக்கு அந்த வேகத்துல எறைக்கத் தெம்பு இல்லை. கொஞ்சம் மிதிச்சா அணைஞ்சுரும். அந்தக் காலத்துல வால்பாறையில இருந்து ஆழியாருக்கு ராத்திரியில எறங்குனவங்களைக் கேளு. 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் வண்டி மெதுவாகறப்ப ஹெட்லைட்டு மங்கும், மிதிச்சா பழையபடி பளிச்சுன்னு வரும். லைட்டு மங்கற எடத்துலதான் ஆனையும் நிக்கும். யாரும் அதுக்கோசரம் பேட்டரி மாத்தலை.

லைட்டு அணைஞ்சும் அணையாம லேசாச் செவந்துக்கிட்டே இருக்குதா? ஆல்டர்னேட்டர்ல டையோடு ஒண்ணு போயிருக்கும், இல்லீன்னா எங்கியோ ஒயர் பிடிப்புல கோளாறு. சாவிய உருவுன பொறகும் எரியுதா? அப்ப டையோடு ஷார்ட்டு. மறுபேச்சுப் பேசாம பேட்டரி ஒயரைக் கழட்டு, காப்பி குடிக்கறதெல்லாம் அப்பறம்.

இதுல ஒரு சூது இருக்குது. லைட்டு அணைஞ்சுருச்சுன்னா எல்லாம் நல்லா இருக்குதுன்னு அர்த்தம் இல்லை. கொஞ்சமா எறைச்சாலும் அது அணைஞ்சுரும். வேலைக்கு வந்தானா இல்லையான்னு மட்டுந்தான் அது சொல்லும். எத்தனை வேலை செஞ்சான்னு சொல்லாது.

அடுத்தது பேன் பெல்ட்டு. இஞ்சினை நிறுத்திட்டு, ரெண்டு புல்லிக்கு நடுவால நீளமா இருக்கற எடத்துல பெருவெரலால அமுக்கு. அரை இஞ்சு எறங்கோணும். ஒரு இஞ்சு எறங்குனா லூசு, வழுக்கும். ஹெட்லைட்டைப் போட்டதும் 'கீச்'சுன்னு கத்துதா? அது இந்தப் பெல்ட்டுதான். உள் பக்கத்தைத் திருப்பிப் பாரு. கண்ணாடியா மின்னுனாலோ, குறுக்கால வெடிச்சிருந்தாலோ மாத்திப் போடு. அதுக்காக ஒரேயடியா முறுக்கிக் கட்டாதே. டைனமோ பேரிங்கும் போகும், வாட்டர் பம்பு பேரிங்கும் போகும். இந்த வண்டியில வாட்டர் பம்பையும் பேனையும் சுத்தறது அதே பெல்ட்டுதான். அதனால ஓட்டிக்கிட்டு இருக்கறப்ப திடீர்னு செகப்பு லைட்டு எரிஞ்சா, "வீடு வரைக்கும் பேட்டரி தாங்கும்"னு கணக்குப் போடாதே. பெல்ட்டு அந்து போயிருந்தா பேட்டரி தாங்கும், இஞ்சின் கொதிச்சுரும். ஓரமா நிறுத்தி எறங்கிப் பாரு.

இனி டெர்மினல். பேட்டரி ஒயர் முனையில வெள்ளையும் பச்சையுமாப் பூத்துக் கெடக்குதே, அது என்ன அழகுக்கு வெச்சிருக்கறயா? அதைத் தொடைக்காம அப்பிடியே புது பேட்டரியில மாட்டி முறுக்குன பாரு, அங்கதான் உன்ற படிப்பு தெரியுது. இதுக்கு ஒருத்தன் கோலா ஊத்தச் சொல்றானாமா. ஊத்துனாப் போகும். கொதிக்கற சுடுதண்ணி ஊத்துனாலும் போகும், சமையல் சோடாவைக் கரைச்சு ஊத்துனாலும் போகும். ஈயையும் எறும்பையும் விருந்துக்குக் கூப்பிடோணும்னா கோலா ஊத்து. பேட்டரி மூடியெல்லாம் இறுக்கமா இருக்குதான்னு பாத்துட்டு எதையும் ஊத்து, உள்ள போனா பேட்டரி கெட்டுச்சு. நெகட்டிவ் பாடியில இருக்கற வண்டியில கழட்டறப்ப மொதல்ல நெகட்டிவ், மாட்டறப்ப கடைசியா நெகட்டிவ். ஏன்னா ஸ்பேனர் தப்பிப் பாடியில பட்டாலும் பொறி பறக்காது. உப்புத்தாள் போட்டு முனைய மின்ன வெச்சு, இறுக்கி, மேல வேசலைன் தடவு. உன்ற மூஞ்சிக்கு வாங்குனது மிச்சம் இருக்குமே.

இப்ப நான் சொல்றதை எந்த வீடியோக்காரனும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டான். எர்த்து. பாசிட்டிவ் ஒயரை எல்லாரும் தடவித் தடவிப் பாப்பாங்க. நெகட்டிவ் பக்கத்தை ஒருத்தனும் கண்டுக்க மாட்டான். இஞ்சின் உக்காந்திருக்கறது ரப்பர் மேல, கண்ணு. ரப்பர்ல கரண்டு போகுமா? போகாது. அதுக்கோசரம் இஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவால பின்னல் ஒயர் ஒண்ணு போட்டிருப்பான். நாப்பது வருசமா எண்ணெய், சேறு, மழைத் தண்ணி. பச்சை புடிச்சு, பாதி இழை அந்து, ஒரு துருப்புடிச்ச போல்ட்டுல தொங்கிக்கிட்டு இருக்கும். அது போச்சுன்னா கரண்டு சும்மா இருக்குமா? வேற வழி பாக்கும். ஆக்சிலேட்டர் கேபிளு, சோக்கு கேபிளு வழியாப் போகும். செல்ப் அடிச்சதும் சோக்கு கேபிள் சுட்டுச்சுன்னா, புகை வந்துச்சுன்னா, நேரா எர்த்து ஒயருக்குப் போ. செல்ப் மோட்டாரை அவுத்துக் கடையில குடுக்காதே. அவன் அதைத் தொடைச்சு, பெயிண்டு அடிச்சு, பில்லு போட்டுத் திருப்பிக் குடுத்துருவான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது. நீ கேட்டதைச் செஞ்சான்.

இத்தனைக்கும் காசு ஒண்ணுஞ் செலவாகலை, பாத்துக்க. இனி மல்டிமீட்டர் வாங்கு. ரெண்டு மூணு நூறு ரூபாய்க்குக் கெடைக்கும். நீ அந்தப் பேசற பொட்டிக்குக் குடுத்த காசுல அரை டஜன் வாங்கியிருக்கலாம்.

ராத்திரி முழுக்க நின்ன வண்டியில, வெடியால எதையும் தொடறதுக்கு மின்ன, பேட்டரி ரெண்டு முனையில வெச்சுப் பாரு. 12.6 காட்டுனா நெறைஞ்சிருக்குது. 12.2ன்னா பாதி. 12க்குக் கீழ போச்சுன்னா கிட்டத்தட்ட காலி. ஓட்டி நிறுத்துன கையோட பாக்காதே, நெசத்தை விட எச்சாக் காட்டும். அவசரம்னா ஹெட்லைட்டை ஒரு நிமிசம் எரிய விட்டு அணைச்சுட்டு, சித்த நேரங் கழிச்சுப் பாரு. செல்ப் அடிக்கறப்ப இன்னொருத்தனை மீட்டரைப் பாக்கச் சொல்லு. ஒம்பதரைக்குக் கீழ உழுகக் கூடாது. பேட்டரி நெறைஞ்சிருந்தும் உழுந்தா, அப்பத்தான் பேட்டரி மேல சந்தேகப்படோணும். தண்ணி ஊத்தற பேட்டரியா இருந்தா கடையில ஆசிட்டோட கிராவிட்டி பாக்கச் சொல்லு. ஆறு அறைக்கும் 1250க்கு மேல இருந்தா நல்லது. அஞ்சு அறை நல்லா இருந்து ஒண்ணு மட்டும் 1150ன்னு காட்டுனா அந்த அறை செத்துருச்சு. அப்பப் புதுசு வாங்கு, நானே கூட வாறேன். மத்தபடி ஆசிட் ஊத்தறேன், ஆர்.ஓ. தண்ணி ஊத்தறேன்னு கெளம்பாதே. ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தான், டிஸ்டில் வாட்டர் மட்டும் ஊத்து. மூடியத் தொறந்து வெச்சுக்கிட்டு பீடி பத்த வெக்கறவனை வாசலுக்கு அந்தாண்ட தாட்டி விடு. சார்ஜ் ஏறறப்ப அதுல வாறது ஹைட்ரஜன்.

இப்ப இஞ்சினை ஓட்டி, கொஞ்சம் மிதிச்சுக்கிட்டு அதே ரெண்டு முனையில பாரு. 13.8ல இருந்து 14.5க்குள்ள நிக்கோணும். ஹெட்லைட்டு, வைப்பர் எல்லாம் போட்டாலும் பதிமூணரைக்கு மேல இருந்தா உன்ற வண்டிக்கு ஒரு நோவும் இல்லை. 12ல இருந்து அசையவே இல்லைன்னா எறைக்கலை, இல்லீன்னா வந்து சேரலை. 15ஐத் தாண்டுச்சுன்னா அதுவும் ஆகாது. ரெகுலேட்டர் போச்சு. பேட்டரி கொதிச்சுத் தண்ணி வத்தும், பல்பு பல்பாப் போகும். பல்பு அடிக்கடி போகுதுன்னு பல்புக் கம்பெனியத் திட்டிக்கிட்டுத் திரியறவங்க பாதிப் பேரு இந்த மீட்டரை வெச்சுப் பாத்ததே இல்லை.

எறைக்கலையா, வந்து சேரலையான்னு பிரிக்கறது எப்பிடிங்கறே? ஹெட்லைட்டைப் போட்டு இஞ்சினை ஓட்டிக்கிட்டே மீட்டரோட ஒரு முள்ளை ஆல்டர்னேட்டர் பின்னாடி இருக்கற தடி ஒயர் முனையில வெய்யி, இன்னொண்ணை பேட்டரி பாசிட்டிவ்ல வெய்யி. கால் வோல்ட்டுக்கு மேல காட்டுனா நடுவழியில எங்கியோ கரண்டு தேங்குது, ஒயரையும் அதன் முனையில இருக்கற லக்கையும் பாரு. அதையே ஆல்டர்னேட்டர் ஒடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவால பாரு. அங்க காட்டுனா எர்த்து. ரெண்டு பக்கமும் சுத்தமா இருந்து பேட்டரியில வோல்ட்டு ஏறலைன்னாத்தான் ஆல்டர்னேட்டர் குத்தவாளி.

அப்பவும் முழுசாத் தூக்கிப் போடாதே. ஸ்க்ரூடிரைவர் பிடியால அதன் முதுகுல லேசாத் தட்டு. தட்டுனதும் சார்ஜ் வந்து, சித்த நேரங் கழிச்சுப் போச்சுன்னா கார்பன் தேஞ்சிருக்குது. ரெண்டு துண்டு கார்பன், அவ்வளவுதான். கரகரன்னு சத்தம் வந்தா பேரிங்கு. வண்டி ரேடியோவுல இஞ்சின் வேகத்துக்குத் தக்கன 'ங்ஙொய்'ன்னு கேட்டா டையோடு. இதெல்லாம் தனித் தனியா மாத்தற சாமான்.

டைனமோன்னா பின்னாடி ரெண்டு முனை இருக்கும். பெருசு டி, சிறுசு எப். ரெண்டு ஒயரையும் கழட்டிட்டு, முனை ரெண்டையும் ஒரு துண்டுக் கம்பியால சேத்து, மீட்டரை அதுக்கும் பாடிக்கும் நடுவால வெச்சு இஞ்சினை மெல்ல மிதி. வோல்ட்டு சீரா ஏறோணும். 15ஐத் தாண்டுனா டைனமோ நல்லா இருக்குது, நிறுத்திக்க. 20ஐத் தாண்ட உட்டு ஆர்மேச்சரைக் கருக்கிராதே. அது நல்லா இருந்தும் சார்ஜ் இல்லைன்னா கட்டவுட் பொட்டியப் பாரு. அதுக்குள்ள சின்ன பாயிண்டு ஒண்ணு இருக்குது. டைனமோ எறைக்கறப்ப ஒட்டும், எறைக்காதப்ப உட்டுரும். இல்லீன்னா பேட்டரி கரண்டு திரும்பி டைனமோவுக்குள்ள போகும். பாயிண்டு ஒட்டிக்கிட்டு உடவே இல்லைன்னா, டைனமோ தானே மோட்டாராகிச் சுத்தப் பாத்துக் கருகிப் போகும். இந்தப் பொட்டியத் திருகி அட்ஜஸ்ட் பண்றேன்னு எறங்காதே. அதுக்குன்னு கை பழகுனவன் செய்யோணும். அப்பிடி ஆளு இப்ப ஊருக்கு ஒருத்தன் இருந்தாலே எச்சு.

எளவட்டங்களை மட்டுமா கிண்டல் பண்றே, உங்காளுக மட்டும் யோக்கியமான்னு கேக்கறயா? நல்லாக் கேளு. எங்க காலத்துல ஒரு வித்தை உண்டு. வண்டி ஓடிக்கிட்டு இருக்கறப்பவே பேட்டரி ஒயரைப் பொசுக்குன்னு புடுங்குவாங்க. இஞ்சின் நிக்காம ஓடுனா டைனமோ நல்லா இருக்குதுன்னு மீசைய முறுக்குவாங்க. டைனமோ காலத்துல அது செல்லுச்சு. ஆல்டர்னேட்டர் வண்டியிலயும் இன்னைக்கு வரைக்கும் அதையே பண்ற பெருசுக நம்மூர்ல இருக்கறாங்க. கிட்டயே சேக்காதே. ஆல்டர்னேட்டர் தர்ற கரண்டைத் தாங்கிப் புடிச்சுக்கறது பேட்டரிதான். அதைப் புடுங்குன நொடியில வோல்ட்டு பல மடங்கு எகிறும். டையோடு, ரெகுலேட்டர், பாட்டுப் பொட்டி, சொருகியிருந்தா உன்ற போனு சார்ஜர், எல்லாஞ் சேந்து போகும். ஆல்டர்னேட்டர் நல்லா இருக்குதான்னு பாக்கறதுக்காக ஆல்டர்னேட்டரைக் கொல்றது எந்த ஊரு சாமர்த்தியம்? வயசானவன் சொன்னாங்கறதுக்காக எல்லாத்தையும் கேக்காதே. என்னையுஞ் சேத்துத்தான்.

இனி களவுக்கு வா. எறைக்குது, வந்து சேருது, ஆனாலும் நாலு நாளு நிறுத்தி வெச்சா பேட்டரி காலியாகுது. அப்ப ராத்திரியில எவனோ குடிக்கறான். சாவிய உருவிக் கதவெல்லாம் சாத்திட்டு, நெகட்டிவ் ஒயரைக் கழட்டி, மீட்டரைப் பத்து ஆம்பியர்ல வெச்சு, ஒயருக்கும் முனைக்கும் நடுவால சொருகு. அப்ப மட்டும் மறந்துபோய் செல்ப் அடிச்சுராதே, மீட்டர் போயிரும். உன்ற வண்டி பொறந்தப்ப அதுல முழிச்சுக்கிட்டு இருந்தது ஒண்ணுமே கெடையாது. கிட்டத்தட்ட சைபர் காட்டோணும். 0.05க்கு மேல காட்டுனா ஒவ்வொரு பீசாப் புடுங்கு. எதைப் புடுங்குனா எறங்குதோ அந்த லைன்லதான் திருடன். பீசு எதுலயும் எறங்கலைன்னா ஆல்டர்னேட்டர் தடி ஒயரைக் கழட்டிப் பாரு. டையோடு கசிஞ்சாலும் இப்பிடிக் குடிக்கும்.

அரை ஆம்பியர் என்ன பெரிய காசான்னு நெனைக்காதே. ஒரு நாளைக்கு 24 மணி நேரம், 12 ஆம்பியர் அவர் போச்சு. உன்ற பேட்டரி 60. அஞ்சு நாள்ல சுத்தம். டிக்கி லைட்டு அணையாம எரியும், டிக்கிக்குள்ள உக்காந்தா பாக்க முடியும்? உன்ற ஒறம்பரைப் பையன் மாட்டிக் குடுத்தானே பாட்டுப் பொட்டி, அதன் மஞ்ச ஒயரு எந்நேரமும் பேட்டரியிலயே தொங்கும். அதும் பக்கத்துல ஜி.பி.எஸ். ஒண்ணு வேற. இந்த வண்டிய எவன் திருடுவான், அப்புனு? திருடுனாலும் மொதல்ல தள்ளோணுமே.

களவுகூடப் பரவால்ல. நீயே பட்டப் பகல்ல பண்ற கொள்ளை ஒண்ணு இருக்குது. உன்றது டைனமோ வண்டின்னா இந்தக் கணக்கைக் கேளு. லூகாஸ் சி-40ன்னு ஒரு டைனமோ. மூச்சைப் புடிச்சு எறைச்சாலும் 22 ஆம்பியர்தான் தரும். கூட்டிக் கழிச்சா முன்னூறு வாட்டுக்குக் கிட்ட. அந்தக் காலத்து ஹெட்லைட்டு ரெண்டுக்கும் பத்து ஆம்பியர், இக்னிஷன், ஹாரன், வைப்பர்னு மிச்சம், அதுக்குச் சரியாப் போகும். நீ என்ன பண்ணுனே? 130 வாட்டு பல்பு ரெண்டு மாட்டுனே. 260 வாட்டு அங்கியே போச்சு. பொறகு நெத்தியில வரிசையா எல்.ஈ.டி. டிக்கியில ஆளு ஒசரத்துக்கு ஆம்ப்ளிபயர். ஏசிக்காரன் வந்து அளவெடுத்துட்டுப் போயிருக்கறானாமா. வரவு 22, செலவு 40. இந்தக் கணக்கு எந்த வட்டிக் கடையில நிக்கும்? மெய்யாலுமே அத்தனையும் வேணும்னா, நல்ல ஆல்டர்னேட்டரா மாட்டு, ஒயரையும் தடியாப் போடு, ஹெட்லைட்டுக்கு ரிலே வெய்யி. அதுல தப்பில்லை. அப்பிடிச் செஞ்சுட்டுப் பாட்டுப் போடு, நானும் ஒரு ஓரமா உக்காந்து கேக்கறேன்.

அப்பறம் இந்த வண்டிய நீ ஓட்டறதே இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை டீக்கடை வரைக்கும். செல்ப் ஒரு தடவை அடிச்சா நூறு நூத்தம்பது ஆம்பியர் உறிஞ்சும். அதைத் திருப்பிக் கட்டறதுக்குள்ள நீ வண்டிய நிறுத்தி, கதவைச் சாஞ்சுக்கிட்டு நின்னு போட்டோ எடுத்துக்கறே. திரும்பி வாரப்ப இன்னொரு செல்ப். பாதி சார்ஜுலயே மாசக் கணக்கா நின்னா பேட்டரித் தகடு உப்புப் புடிச்சுப் போகும், பொறகு எத்தனை ஏத்துனாலும் ஏறாது. பொழுதோட ஒரு நாளைக்கு உடுமலை வரைக்கும் போயிட்டு வா. உங்க ஆத்தாளையும் கூட்டிக்கிட்டுப் போ, கோயிலுக்குப் போகோணும்னு சொல்லிக்கிட்டு இருந்தா.

கடைக்குத்தான் போயாகோணும்னா ஒண்ணு பாத்துக்க. வண்டிய நிறுத்துனதும் "எந்தக் கம்பெனி பேட்டரி வேணும்"னு கேக்கறவன்கிட்ட டீ மட்டும் குடிச்சுட்டு வந்துரு. "ஓடறப்ப எத்தனை வோல்ட்டு காட்டுது"ன்னு கேக்கறவன்கிட்ட வண்டிய உடு. கழட்டுன பழைய டைனமோவை அங்கியே உட்டுட்டு வராதே. "அதெல்லாம் வேஸ்ட்டு தம்பி, நானே ஓரமாப் போட்டுக்கறேன்"ம்பான். உள்ள இருக்கறது அத்தனையும் செம்புக் கம்பி. செம்பு கிலோ என்ன வெலை போகுதுன்னு உங்க ஆத்தாளைக் கேளு. போன மாசந்தான் ஓட்டை அண்டாவை எடைக்குப் போட்டு, பழைய இரும்புக் கடைக்காரனை அழ உட்டு அனுப்புனா.